மோதிர விரலை வெட்டிக்கிட்டு ஒலிம்பிக் போன மேட் டாசன்: ஒரு கேஸ முழுசா பாத்தப்போ

போன மாசம் எங்கிட்ட கை எக்சர்சைஸுக்கு வர்ற ஒரு லேத் பட்டறை அண்ணன் போன எடுத்து ஒரு பழைய நியூஸ காமிச்சாரு. அவருக்கு வலது கை மோதிர விரல்ல நடு எலும்பு உடைஞ்சு கம்பி வெச்சு, நாலாவது வாரம் கம்பிய உருவியாச்சு, இப்ப ஏழாவது வாரம், எலும்பு கூடிடுச்சு ஆனா விரல் பாதிக்கு மேல மடங்க மாட்டேங்குது. "மேடம், இந்த ஹாக்கிக்காரரு விரல எடுத்துட்டு பதினஞ்சு பதினாறு நாள்ல மேட்ச் ஆடிட்டாராமுங்க, எனக்கும் அப்பவே எடுத்து விட்டிருந்தா இந்நேரம் பட்டறைக்கு போயிருப்பேனுங்களே"ன்னு கேட்டாரு.

எனக்கு உடனே பதில் சொல்ல வரல. அவரு கேட்டது தப்பான கேள்வியே இல்ல, தினக்கூலி போற மனுஷனுக்கு ஒவ்வொரு வாரமும் காசு. அதனால அந்த ஹாக்கி கேஸ எடுத்து, என்ன நடந்துச்சு, ஏன் அப்படி முடிவு எடுத்தாரு, விரல் எலும்ப ஒட்ட வைக்க இத்தனை பொருளும் இத்தனை முறையும் இருந்தும் ஏன் ஒரு ஒலிம்பிக் வீரருக்கு வெட்டுறதுதான் சீக்கிரமான வழியா தெரிஞ்சுதுன்னு முழுசா எழுதிப் பாத்தேன்.

நடந்தது என்ன

மேட் டாசன், ஆஸ்திரேலியா ஆண்கள் ஹாக்கி டீம் வீரர், அப்ப வயசு 30. ரியோவும் டோக்கியோவும் ஆடி முடிச்சு பாரிஸ் 2024 அவருக்கு மூணாவது ஒலிம்பிக், டோக்கியோல வெள்ளி வாங்குன டீம்ல இருந்தவர். இதுக்கு முன்னாடியும் 2018 காமன்வெல்த் போட்டிக்கு முன்னால ஸ்டிக் அடி பட்டு கண்ணே போற நிலைமைக்கு வந்தவரு, அப்பவும் திரும்பி வந்து தங்கம் ஜெயிச்சாரு. பாரிஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப பெர்த்ல பயிற்சி ஆட்டத்துல வலது கை மோதிர விரல் மோசமா உடைஞ்சுது. டிரஸ்ஸிங் ரூம்ல விரல பாத்ததும் மயங்கியே விழுந்துட்டாராம், ஒலிம்பிக் அவ்ளோதான்னு நெனச்சாராம்.

பிளாஸ்டிக் சர்ஜன் முன்னாடி வெச்ச வழி ரெண்டு. ஒண்ணு, ஆபரேஷன் பண்ணி எலும்ப சேத்து வைக்கிறது, ஆனா தேற மாசக்கணக்குல ஆகும், அப்பவும் விரல் பழைய மாதிரி முழுசா வேலை செய்யும்னு உறுதி கிடையாது. ரெண்டாவது, விரலோட மேல் பகுதிய எடுத்துடறது, அப்படின்னா பத்து நாள்லயே ஆடலாம். அவசரப்பட்டு முடிவு எடுக்காதேன்னு மனைவி சொன்னாங்க. அவரு யோசிச்சு எடுத்துடச் சொல்லிட்டாரு. பாரிஸ்ல ஆடணும்ங்கறது மட்டும் இல்ல, அதுக்கப்புறம் இருக்கற வாழ்க்கைக்கும் இதுதான் சரின்னு எனக்கு பட்டுச்சுன்னு பின்னாடி பேட்டில சொன்னாரு. விரல் போய் 16 நாள்ல, ஜூலை 27 அன்னைக்கு அர்ஜென்டினாவுக்கு எதிரா மொதல் மேட்ச்ல இறங்குனாரு, ஆஸ்திரேலியா 1-0ன்னு ஜெயிச்சுது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி அதே ஆஸ்திரேலியா டீமைத்தான் நம்ம இந்தியா 3-2ன்னு அடிச்சுது, 1972-க்கு அப்புறம் ஒலிம்பிக்ல அவங்கள ஜெயிச்சது அப்பதான். கால் இறுதில நெதர்லாந்துகிட்ட தோத்து ஆஸ்திரேலியா மெடல் இல்லாம ஊர் திரும்புச்சு.

இந்த முடிவு எடுத்த மொத ஆளும் அவர் இல்ல. 1985 சீசன் கடைசில அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ரானி லாட், சான் ஃபிரான்சிஸ்கோ டீம்ல ஆடுனவர், ஒருத்தரை தடுக்கப் போய் இடது சுண்டு விரல் நுனி நசுங்கிடுச்சு. வேற இடத்துல இருந்து எலும்பு எடுத்து வெச்சு கம்பி போட்டா அடுத்த சீசனுக்கு லேட் ஆகலாம்னு 1986-ல நுனிய எடுத்துடச் சொன்னாரு. மேட்ச் நடுவுலயே வெட்டிட்டு திரும்ப இறங்கி ஆடுனாருன்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு, அது உண்மை இல்ல, சீசன் முடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரில நிதானமா நடந்த ஆபரேஷன். அந்த 1986 சீசன்ல 10 இன்டர்செப்ஷன் (எதிர் டீம் எறியற பந்த நடுவுலயே புடிக்கறது) எடுத்து லீக்லயே மொதல்ல வந்தாரு.

இந்த ரெண்டு கேஸுக்கும் நடுவுல 38 வருஷம். அதுக்குள்ள பிளேட் சின்னதாச்சு, டைட்டானியம் வந்துச்சு, தலையில்லாத ஸ்க்ரூ வந்துச்சு, தானா கரையற மெட்டல் கூட வந்துச்சு. ஆனா விளையாட்டு வீரர் போட்ட கணக்கு மட்டும் மாறல. ஏன்?

எலும்பு இல்ல, தோல் அடியில ஓடற கயிறு

எலும்பு கூடற வேகத்த எந்த மெட்டலும் பெருசா மாத்தறதில்ல. விரல் எலும்பு மூணு நாலு வாரத்துல அழுத்துனா வலிக்காத அளவுக்கு ஒட்டிக்கும், அதனாலதான் கம்பிய அந்த நேரத்துல உருவறாங்க, எக்ஸ்ரேல கோடு மட்டும் மாசக்கணக்குல தெரிஞ்சுட்டே இருக்கும், அத பாத்து இன்னும் கூடலன்னு பயந்து விரல அசைக்காம வெச்சுக்கிட்டு வர்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

சிக்கல் எலும்ப சுத்தி இருக்கறதுல. விரல்ல சதையே கிடையாது, மடக்கற சதையும் நீட்டற சதையும் முழங்கைக்கு கீழ இருக்கு, அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி விரல் நுனி வரைக்கும் ஓடுது (இதைத்தான் நம்ம ஊர்ல பலபேரு நரம்புன்னு சொல்றாங்க). உள்ளங்கை பக்கம் ரெண்டு கயிறு ஒரே குழாய்க்குள்ள வழுக்கி ஓடும், புறங்கை பக்கம் நீட்டற நாண் ஒரு மெல்லிசான துணி மாதிரி விரிஞ்சு எலும்பு மேலயே படிஞ்சு கிடக்கும். எலும்பு உடைஞ்சா ரத்தம் கசியும், கசிஞ்ச இடத்துல வடு வரும், அந்த வடு எலும்பையும் இந்தத் துணியையும் சேத்து ஒட்டிடும். எலும்பு ஒட்டறதுக்கு உடம்பு போடற அதே பசைதான் கயிறையும் ஒட்ட வெச்சிருது. இத தடுக்க ஒரே வழி கயிறு ஓடிட்டே இருக்கணும், அதாவது விரல் சீக்கிரமே அசையணும். ஆனா சீக்கிரம் அசைச்சா எலும்பு நகரும். விரல் எலும்பு ரிப்பேர்ல நடக்கற எல்லா ஆராய்ச்சியும் இந்த இழுபறிக்குள்ளதான் நடக்குதுன்னு நான் நெனைக்கறேன்.

விரல் கொஞ்சம் திருகி ஒட்டிக்கிட்டாலும் பிரச்சனை. உள்ளங்கை எலும்புல 5 டிகிரி திருகினாலே மடக்கறப்ப விரல் நுனி பக்கத்து விரல் மேல 1.5 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறிக்கும். நேரா நீட்டி வெச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது, மடக்குனாதான் கத்திரி மாதிரி குறுக்க போறது தெரியும்.

பொருள்கள்

கம்பில இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நம்ம ஊர்ல அதுதான் அதிகம். ஜெர்மன் சர்ஜன் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-ல கொண்டு வந்தது, மொதல்ல எலும்ப இழுத்து புடிக்கறதுக்குத்தான் பயன்படுத்தினாரு. வழவழன்னு இருக்கற ஸ்டீல் கம்பி, விரலுக்கு 1 மில்லிமீட்டர் பக்கம் தடிமன். விலை கம்மி, சதைய பெருசா கிழிக்க வேண்டாம், எக்ஸ்ரே பாத்துக்கிட்டே தோல் வழியா ஓட்டிடலாம். ஆனா கம்பி ரெண்டு துண்டையும் சேத்து இறுக்காது, சும்மா நகராம புடிச்சுக்கும், முனை தோலுக்கு வெளிய நிக்கறதால சீழ் புடிக்கலாம், முக்கியமா அந்த நீட்டற துணிய குத்திக்கிட்டு போனா கம்பி இருக்கற வரைக்கும் கயிறு ஓடாது. பட்டறை அண்ணனுக்கு நடந்தது இதுதான். கம்பி மேல குத்தம் சொல்லல, மலிவா பெரும்பாலான விரல காப்பாத்தறது அதுதான்.

பிளேட்டும் ஸ்க்ரூவும் இதுக்கு நேர் எதிர். 1.3, 1.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, டைட்டானியம் இல்லன்னா ஸ்டீல். கெட்டியா புடிக்கும், அடுத்த நாளே அசைக்கலாம்னு தோணும். ஆனா பிளேட் வைக்க அந்த துணிய பிரிக்கணும், எலும்ப சுத்தி சுரண்டணும், அப்புறம் ஒரு மெட்டல் தகடு அந்த துணிக்கு அடியிலயே உக்காந்துக்கும், விரல் மாதிரி ஒல்லியான இடத்துல 1 மில்லிமீட்டர் தடிமனே அதிகம். அதனால கெட்டியா புடிச்சும் விரல் விறைச்சுப் போறது உண்டு, ரெண்டாவது ஆபரேஷன் பண்ணி பிளேட்ட எடுத்து ஒட்டிக்கிட்ட நாண விடுவிக்க வேண்டி வரும். இரும்பு எவ்வளவு கெட்டின்னு பாக்கறது மட்டும் போதாதுன்னு சொல்றதுக்கு இதவிட நல்ல சாட்சி வேணாம். ஸ்டீலோட விறைப்பு கிட்டத்தட்ட 200 கிகாபாஸ்கல் (எவ்வளவு வளையாம நிக்கும்ங்கறதுக்கான அளவு), டைட்டானியம் 110, எலும்போட கெட்டியான வெளிப்பகுதி 20-க்கும் கீழ. லேப்ல செயற்கை எலும்பையோ இறந்தவங்க எலும்பையோ வெச்சு வளைச்சு எது கடைசில உடையுதுன்னு பாத்தா பிளேட்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனா லேப் எலும்பு மேல ஒட்டிக்க நாணும் இல்ல, வடுவும் இல்ல.

தலையில்லாத ஸ்க்ரூ எனக்கு ரொம்ப பிடிச்ச யோசனை. டிம் ஹெர்பர்ட் ஆஸ்திரேலியால வேலை பாத்த கை சர்ஜன், மணிக்கட்டுல இருக்கற ஸ்கஃபாய்டு எலும்புக்காக இத பண்ணாரு, ஃபிஷரோட சேந்து 1984-ல வெளியிட்டாரு. முன் பக்க மரையோட இடைவெளி அகலமா, பின் பக்க மரையோட இடைவெளி நெருக்கமா இருக்கும், அதனால திருகத் திருக முன் துண்டு வேகமா உள்ள வரும் பின் துண்டு மெதுவா போகும், ரெண்டும் தானா நெருங்கி இறுகிடும், தலை வெளிய துருத்தாது. இத நடுவுல ஓட்டை போட்ட ஸ்க்ரூவா மாத்தி விரல் எலும்போட உள் குழாய்க்குள்ள நீளவாக்குல இறக்கற முறைய ஸ்பெயின்ல டெல் பிஞால் குழு 2015-ல எழுதுச்சு. சின்ன கீறல், எலும்புக்கு வெளிய மெட்டலே இல்ல, நாண் ஓடற பாதை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சாய்வா நீளமா உடைஞ்சா, பொடிப்பொடியா உடைஞ்சா இது அவ்வளவு ஒத்து வராது, எலும்பு குட்டையாயிடும்.

கரையற மெட்டல்னா மெக்னீசியம். இது புதுசுன்னு நெனைப்போம், ஆனா பெல்ஜியத்துல ஆல்பின் லம்போட் 1907-லயே கால் எலும்புக்கு மெக்னீசியம் தகடு வெச்சு பாத்திருக்காரு (வயலின் கூட சொந்தமா செய்யற அளவுக்கு கைத்திறன் உள்ளவரு, ஆபரேஷன் கருவிகள தானே செஞ்சுக்குவாரு). தகட்ட தங்க முலாம் பூசுன ஸ்டீல் ஆணியால அடிச்சாரு, ரெண்டு வேற வேற மெட்டல் உப்புத் தண்ணில கிடந்தா பேட்டரி மாதிரி ஆயிடும், 8 நாள்ல தகடு கரைஞ்சு தோலுக்கு அடியில வாயு நிரம்பிடுச்சு. மெக்னீசியம் தண்ணியோட சேந்தா ஹைட்ரஜன் வரும், அதுதான் அந்த வாயு. இப்ப அரிய மண் உலோகங்கள கலந்து கரையற வேகத்த குறைச்சு 2013-ல ஐரோப்பால மெக்னீசிக்ஸ்ங்கற ஸ்க்ரூவுக்கு அனுமதி கிடைச்சுது. விறைப்பு 45 கிகாபாஸ்கல் பக்கம், எலும்புக்கு இன்னும் நெருக்கம், எடுக்கறதுக்கு ரெண்டாவது ஆபரேஷன் வேணாம். கரையறப்ப ஸ்க்ரூவ சுத்தி எக்ஸ்ரேல கருப்பா தெரியும், விவரம் தெரியாத டாக்டர் பாத்தா சீழ்னு நெனச்சிடுவாரு.

இன்னொண்ணு ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம் கேடிஹெச்ங்கற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல மைக்கேல் மால்கோக் குழு பண்றது. பல்லு அடைக்கறப்ப நீல லைட்ட காமிச்சு கெட்டியாக்கறாங்கல்ல, அதே மாதிரி ஒரு பசைய உடைஞ்ச எலும்பு மேல ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ நீட்டி பூசி லைட் அடிச்சு அந்த இடத்துலயே பிளேட்ட உருவாக்கறாங்க, சர்ஜன் கையாலயே எலும்போட வளைவுக்கு ஏத்த மாதிரி வடிவம். இதுல எனக்கு முக்கியமா பட்டது அது எவ்வளவு எடை தாங்குதுங்கறது இல்ல, பக்கத்து சதை அதோட ஒட்டிக்காம இருக்கணும்னு ஆரம்பத்துலயே குறி வெச்சு செஞ்சிருக்காங்க. எலியோட தொடை எலும்புல வெச்சு பாத்திருக்காங்க. எங்கள மாதிரி ஆளுங்க கேக்கறது இந்தக் குறியத்தான்.

முறை, அதுல நடந்த பெரிய மாத்தம்

பொருளவிட முறைதான் இந்த 20 வருஷத்துல விரலுக்கு அதிகம் பண்ணியிருக்குன்னு அடிச்சு சொல்வேன். முன்னாடி எல்லாம் விரல்ல அட்ரினலின் (ரத்தக்குழாய சுருக்கற மருந்து) ஊசி போட்டா ரத்தம் நின்னு விரல் அழுகிடும்னு புத்தகத்துலயே இருந்துச்சு, அதனால கைய மயக்கி, மேல் கைல ரத்தத்த நிறுத்தற பட்டைய இறுக்கி ஆபரேஷன் பண்ணுவாங்க. கனடால டொனால்ட் லலோண்ட் குழு பழைய கேஸ எல்லாம் தோண்டி பாத்தப்ப, புரோகெய்ன்னு அந்த காலத்து மரத்துப் போக வைக்கற மருந்து நாளாக நாளாக அமிலமா மாறுனதுதான் விரல கெடுத்திருக்கணும்னு வந்துச்சு. டல்ஹவுசி ஆய்வுன்னு 2005-ல வெளியானதுல கைலயும் விரல்லயும் அட்ரினலின் போட்ட 3,110 கேஸ வரிசையா பாத்தாங்க, ஒரு விரல் கூட சாகல.

இதனால என்ன ஆச்சுன்னா, மரத்துப் போக வைக்கற லிடோகெய்னும் அட்ரினலினும் மட்டும் போட்டு, பட்டை இல்லாம, ஆள் முழிச்சிருக்கறப்பவே கம்பியோ ஸ்க்ரூவோ வைக்கலாம். வெச்சதும் "விரல மடக்குங்க, நீட்டுங்க"ன்னு சர்ஜன் கேப்பாரு, அவரு மடக்குவாரு, விரல் திருகுதான்னு அங்கயே தெரிஞ்சிடும், போட்ட கம்பி அந்த அசைவ தாங்குதான்னும் தெரிஞ்சிடும். தாங்குதுன்னு கண்ணால பாத்தப்புறம் மூணு அஞ்சு நாள்ல மெதுவா அசைக்க ஆரம்பிக்க எனக்கும் தைரியம் வருது. மயக்கத்துல இருந்தவரோட விரல அசைக்க சொல்றப்ப எப்பவும் ஒரு பயம் இருக்கும்.

இதோட சேந்து கட்டு போடற விதம். விரல நேரா பலகை மாதிரி கட்டறதோ, உருண்டைய புடிச்ச மாதிரி சுருட்டி கட்டறதோ ரெண்டும் வேணாம். விரல் அடிக்கணு (உள்ளங்கையோட விரல் சேர்ற கணு) 70-ல இருந்து 90 டிகிரி மடங்கி, மேல் ரெண்டு கணுவும் நேரா இருக்கணும். அடிக்கணுவோட பக்கத் தசைநார் (எலும்ப எலும்போட கட்டற நார்) மடக்குனாதான் நீளமா இழுபட்டு இருக்கும், நீட்டி வெச்சு கட்டுனா சுருங்கிடும், அப்புறம் மடங்கவே மடங்காது. இதுக்கு ஒரு பைசா எக்ஸ்ட்ரா செலவு கிடையாது, ஆனாலும் தப்பான கட்டோட வாரத்துக்கு ஒருத்தராவது வந்து நிக்கறாங்க.

டாசன் கேஸுக்கு திரும்பி வந்தா

ஹாக்கி பந்து 156-ல இருந்து 163 கிராம், நல்ல டிராக் ஃபிளிக் (பந்த ஸ்டிக்கால இழுத்து வீசற ஷாட்) மணிக்கு 100 கிலோமீட்டர தாண்டும். மேல சொன்ன எந்த பொருளும், எவ்வளவு நல்லா வெச்சாலும், ரெண்டாவது வாரத்துல அந்த அடிய தாங்கறதுக்காக செஞ்சது இல்ல, எல்லாமே மெதுவா விரல அசைக்கறதுக்கு மட்டும்தான். ஒலிம்பிக் தேதியும் நகராது. அதனால அவரோட கணக்குல ரிப்பேர்ங்கற வழி ஆரம்பத்துலயே இல்லன்னுதான் சொல்லணும்.

அவர் விளையாட்டும் அவருக்கு ஒத்தாசை பண்ணுச்சு. ஹாக்கில ஸ்டிக்க சுத்தறது மேல இருக்கற இடது கை, கீழ இருக்கற வலது கை கொஞ்சம் தளர்வா வழிகாட்டுற கை. இடது கை மோதிர விரலா இருந்திருந்தா முடிவு இவ்வளவு சுலபமா இருந்திருக்காதுன்னு என் கருத்து, ஏன்னா எதையாவது இறுக்கி புடிக்கறதுல மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் பெரிய பங்கு.

ஆனா நியூஸ்ல யாரும் எழுதாத ஒண்ணு இருக்கு. நடு விரலையும் சுண்டு விரலையும் இன்னொரு கையால நேரா புடிச்சுக்கிட்டு மோதிர விரல் நுனிக்கணுவ மட்டும் மடக்க பாருங்க, அசையாது. இந்த மூணு விரலோட நுனிய மடக்கற நாண்கள் ஒரே சதைல இருந்து வருது. விரல் நுனிய எடுக்கறப்ப மடக்கற நாண இழுத்து எலும்பு முனை மேல நீட்டற நாணோட சேத்து தைச்சுட்டா, மோதிர விரல் மட்டும் இல்ல, பக்கத்து ரெண்டு விரலும் முழுசா மடங்காம போயிடும். வெட்டறது சுலபம்னு தோணும், அதுலயும் இந்த மாதிரி நுணுக்கம் உண்டு. வெட்டுன முனைல நரம்பு (இது கயிறு இல்ல, உணர்ச்சி கடத்தற நிஜ நரம்பு) கட்டி வந்து தொட்டாலே ஷாக் அடிக்கும், குளிர் தாங்காது, நகத்தோட வேர் மிச்சம் இருந்தா கோணலா வளரும். 16 நாள்ல மேட்ச் ஆடினாருங்கறது உண்மை, 16 நாள்ல எல்லாம் சரியாயிடுச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

பட்டறை அண்ணன்கிட்ட இதெல்லாம் ரெண்டு மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா சொன்னேன். உங்க எலும்பு கூடிடுச்சு அண்ணே, கயிறு மட்டும்தான் ஒட்டியிருக்கு, அவருக்கு இருந்த ரெண்டு வாரக் கெடு உங்களுக்கு இல்லன்னு சொன்னேன். "கெடு இல்லீங்க மேடம், வீட்டு வாடகைதான் இருக்குது"ன்னாரு. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல, பட்டறை ஓனர்கிட்ட போன்ல பேசி கணக்கு எழுதற வேலையாவது ஒரு மாசம் குடுங்கன்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாரு.

மொத நாள் மடக்கறப்ப விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் 4 சென்டிமீட்டர் இடைவெளி இருந்துச்சு. நேத்து அளந்தப்ப 2.5. நடுக்கணுவ இன்னொரு கையால புடிச்சுக்கிட்டு நுனிய மட்டும் மடக்கற எக்சர்சைஸ் ஒரு மணி நேரத்துக்கு பத்து தடவை வீட்ல பண்றாரு, ராத்திரி விரல நீட்டி வைக்கற ஸ்பிளின்ட் போட்டுக்கறாரு. அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றப்ப லேத்ல அவரு வழக்கமா புடிக்கற கைப்பிடி ஒண்ண கையோட எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், அத சுத்தி துணி சுத்தி தடிமனாக்கி, வாரா வாரம் ஒரு சுத்து குறைச்சுக்கிட்டே வரணும்.